சலவைக்கு முன்பே சட்டையைப் படிக்கலாம்

திருநள்ளாற்று நளன் தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள், உடுத்தி வந்த துணியைக் களைந்துவிட்டுப் புதுத்துணி கட்டிக்கொண்டு சனீஸ்வரர் சன்னிதிக்குப் போவது பக்கத்து நெடுங்காட்டுக்காரர்களுக்குப் பழகிய காட்சி. 2023 டிசம்பர் 20-இல் வந்ததைப் போன்ற சனிப்பெயர்ச்சி நாள் என்றால், களைந்த துணி மலையாகக் குவிந்துவிடும். நம்பிக்கையை அதன் இடத்தில் விட்டுவிட்டுத் துணியை மட்டும் பார்த்தால் ஒன்று புலப்படும். கழற்றிப் போட்ட சட்டையின் தரத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லலாம். சாயம் நின்றதா, காலர் மடிப்பு நைந்ததா, பக்கத் தையல் கோணியதா என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். புதிதாக உடுத்திய சட்டையோ இன்னும் ஒரு சலவையைக்கூடக் காணவில்லை. அது எப்படி உழைக்கும் என்று உடுத்தியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

பழைய துணி வாங்கிப் பழகியவர்களுக்கு உள்ள பெரிய வசதி இதுதான். அண்ணன் சட்டை தம்பிக்கு வரும்போதும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குவியலிலிருந்து ஒன்றை உருவி எடுக்கும்போதும், கைக்கு வருவது ஏற்கெனவே தேர்வு எழுதி முடித்த துணி. சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், வெளுக்க வேண்டியது வெளுத்திருக்கும். ஆனால் உள்ளாடை, பள்ளிச் சீருடை, கல்யாண வேட்டி என்று சிலவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அப்போது அதே ஆள் கடையின் வெளிச்சத்திலும் துணியின் வழவழப்பிலும் மயங்கிவிடுகிறார். அந்த வழவழப்பில் பெரும்பங்கு ஒப்பனை. ஆலையில் பிசிறுகளை நொதி கொண்டு அரித்து நீக்குகிறார்கள். சிலிக்கோன் மென்மையூட்டி ஏற்றுகிறார்கள். கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கி இஸ்திரி போடுகிறார்கள். கஞ்சி முதல் சலவையிலேயே போய்விடும். மென்மையூட்டி சில சலவைகளில் குறையும். நொதி நீக்கிய பிசிறு உரச உரச மறுபடி தலைகாட்டும். ஆகவே, பழைய துணியில் கண்ணுக்குத் தெரிகிற குறைகள் எந்த இடத்தில், எதனால் வருகின்றன என்று அறிந்துகொண்டு, புதுத் துணியில் அந்தக் காரணங்களைத் தேடுவதே புதிதாக வாங்குகிறவருக்குச் சரியான வழி.

காரணங்களின் வேர் வயலிலேயே இருக்கிறது. காரைக்கால் பகுதியில் நெல் அறுவடை முடிந்த தரிசில் பருத்தி போடுகிறார்கள். கோடையில் பஞ்சு எடுக்கிறார்கள். பஞ்சை விலை பேசும் வியாபாரி ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்து இழைகளை ஒழுங்குபடுத்தி, நீளம் பார்ப்பது பழைய வழக்கம். அந்த நீளம்தான் பின்னால் சட்டையின் ஆயுளாகிறது. இழை நீளமாக இருந்தால் நூலில் அதன் முனைகள் குறைவு. ஒன்றையொன்று நீண்ட தூரம் பற்றி நிற்கும். குட்டை இழையில் முனைகள் அதிகம். உரசும்போது அவை வெளியே கிளம்பிப் பிசிறாகும், பிசிறு பின்னிக்கொண்டு உருண்டையாகும். கோவையில் உருவாகி 1974-இல் வெளியான சுவின் ரகத்தின் இழை சுமார் 38 மில்லிமீட்டர். உலகின் மிக நீண்ட இழைப் பருத்திகளில் அது ஒன்று. எல்லாச் சட்டைக்கும் சுவின் கிடைக்காது. சாதாரணப் பஞ்சிலும் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றால் தரம் ஏறும். லேபிளில் ‘கோம்ப்டு காட்டன்’ என்று போட்டிருப்பது இதைத்தான். கடையில் செய்யக்கூடிய சோதனை எளிது: துணியின் ஓர் ஓரத்தைக் கட்டைவிரலால் இருபது முறை அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்வாகப் பிடித்தால் பிசிறு தெரிந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பருத்தி உருண்டை நாளடைவில் அறுந்து உதிர்ந்துவிடும். வலுவான பாலியஸ்டர் இழையோ அந்த உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது நூல். வேட்டி வாங்கப் போனால் ‘நூறாம் நம்பர்’ என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை தேறும் என்ற கணக்குதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். நூறாம் நம்பர் என்றால் 84,000 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. மெல்லிய நூலை நூற்க நல்ல பஞ்சு தேவை என்பது உண்மை. ஆனால் மெலிவு வேறு, வலு வேறு. அன்றாடம் அடித்துத் துவைக்கப்போகும் வேட்டிக்கு நடுத்தர நம்பரில் பாவும் ஊடும் நெருக்கமாக நெய்தது நீடித்து உழைக்கும். பின்னலாடையில் கவனிக்க வேண்டியது முறுக்கு. ஒற்றை நூலில் ஏற்றிய முறுக்கு தண்ணீர் பட்டதும் தளரப் பார்க்கும். அதனோடு சேர்ந்து பின்னலும் சாயும். பழைய பனியன்களில் பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகச் சுற்றி வருவது பெரும்பாலும் இதனால்தான். புது டி-சர்ட்டைத் தட்டையாக விரித்து, பின்னலின் நெடுக்குக் கோடுகள் பக்கத் தையலுக்கு இணையாக ஓடுகின்றனவா என்று பார்க்கலாம். புதிதாக இருக்கும்போதே கோணியிருந்தால், துவைத்தபின் நேராகாது.

தண்ணீரே துணிக்குப் பெரிய பரீட்சை. நனைந்த பருத்தி இழை உலர்ந்த நிலையைவிடப் பத்து, இருபது சதவீதம் வலுக்கூடும். நம் ஊர்த் துவைகல்லில் அடி தாங்கி அது நிலைத்ததற்கு ஒரு காரணம் அது. விஸ்கோஸ் எனப்படும் ரேயான் இதற்கு நேர்மாறு: நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும். கடையில் பட்டுபோல் வழிந்து விழும் ரேயான் குர்த்தி, கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பது கடினம். சுருக்கமும் தண்ணீரின் வேலைதான். தறியில் இழுத்துக் கட்டிய நூல், இழை ஊறிப் பருக்கும்போது பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. இதைக் கடைக்கு வருமுன்பே இயந்திரத்தில் சுருக்கி முடிக்கும் முறைக்கு அமெரிக்காவின் சான்ஃபோர்ட் கிளூயட் 1930-இல் காப்புரிமை பெற்றார். ‘சான்ஃபரைஸ்டு’ என்ற முத்திரை அவர் பெயரிலிருந்து வந்தது. நம் தையல்காரர்கள் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுக்கச் சொல்வதும் அதே அறிவியல்தான்.

சாயத்தின் கதை புதுச்சேரி, காரைக்கால் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து ‘கினே’ என்ற அவுரிச் சாய நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அதற்கு ஈடாக அங்கே கருவேல இனத்துப் பிசின் வாங்கப்பட்டது. ஐரோப்பிய ஆலைகள் அதைப்போல நெய்து மலிவாக அனுப்பிப் பார்த்தன. செனகல் ஆற்றங்கரை வாடிக்கையாளர்கள் நிறத்தையும் தொடுகையையும் மணத்தையும் வைத்தே போலியை ஒதுக்கினார்கள். எந்த லேபிளும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இதற்கு நேர் எதிரான கதை 1958-இல் நடந்தது. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத்துணியில் தைத்த சட்டைகள், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற தகவல் சேராததால், சாயம் கசிந்து ரகளையாயிற்று. பிறகு அந்தக் கசிவையே அழகு என்று விளம்பரப்படுத்தி விற்றார்கள். அதே பத்தாண்டில், 1956-இல், பருத்தியோடு வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும் சாயங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் நல்ல சாயம் ஏற்றினால் மட்டும் போதாது. ஒட்டாத மிச்சத்தை அலசி எடுப்பதற்குத் தண்ணீரும் நேரமும் வேண்டும், செலவைக் குறைக்கிறவர்கள் குறைப்பது அங்கேதான். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பைத் தேய்த்தால் கெட்டிச் சாயமா என்று தெரிந்துவிடும்.

தையலைச் சட்டையின் வெளிப்பக்கம் காட்டாது; உள்ளே திருப்ப வேண்டும். ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருக்கிறதா, இரண்டு ஓரத்தையும் மடித்து உள்ளடக்கித் தைத்திருக்கிறதா, பிரித்துப் பெரிதாக்க உள்ளே துணி விட்டிருக்கிறதா, காஜாவில் நூல் நெருக்கமாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

‘இவ்வளவு பார்ப்பதற்குப் பதில் விலை கூடியதை வாங்கினால் தீர்ந்தது’ என்பார்கள். பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல விலைகளில் கிடைக்கும் டி-சர்ட்டுகளைத் திரும்பத் திரும்பத் துவைத்தும் உரசியும் சோதித்தபோது, விலைக்கும் உழைப்புக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. விலையில் விளம்பரமும் கடை வாடகையும் அடங்கியிருப்பதால் இதில் வியப்பில்லை. சில சமயம் கூடுதல் பணம் ஆயுளைக் குறைக்கவும் செய்யும். ‘சுருக்கம் விழாத’ பருத்திச் சட்டையில் இழைகளை வேதிப்பொருளால் குறுக்கே பிணைத்திருப்பார்கள். மடிப்பு நிற்கும், ஆனால் இழையின் வளைந்து கொடுக்கும் தன்மையும் கிழிதாங்கும் வலுவும் குறையும். அத்தகைய சட்டையில் காலர் மடிப்பும் கை ஓரமும் முதலில் விட்டுப்போகும்.

‘நீடித்து உழைப்பதுதான் அளவுகோல் என்றால் பாலியஸ்டர் போதுமே’ என்ற கேள்வி இதைவிட வலுவானது. அது நையாது, சுருங்காது, வெளுக்காது. ஆனால் கடற்கரைப் புழுக்கத்தில் அணிய முடியாத சட்டை எத்தனை வருடம் கிழியாமல் இருந்தும் என்ன பயன்? தன் உலர் எடையில் எட்டு சதவீதத்துக்கும் மேல் காற்றின் ஈரத்தைப் பருத்தி உள்வாங்கும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுத்துக்கொள்ளாது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்திச் சட்டைகளைவிடப் பாலியஸ்டர் சட்டைகளில் துர்நாற்றம் அதிகம் என்று தெரிந்தது; நாற்றம் எழுப்பும் மைக்ரோகாக்கஸ் நுண்ணுயிர்கள் அந்த இழையில் செழித்தன. பருத்திக்கும் இங்கே ஒரு பகை உண்டு: கஞ்சியும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அடைமழை மாதங்களில் கஞ்சி போட்டு மடித்து வைக்காமலிருந்தால் அந்தப் பகையைத் தவிர்க்கலாம். ஆகவே உழைப்பு என்பதை அணிந்த நாட்களின் எண்ணிக்கையாகத்தான் கணக்கிட வேண்டும்.

‘அந்தக் காலத் துணி மாதிரி வருமா’ என்பது மூன்றாவது வாதம். பெட்டியில் இன்றும் இருக்கும் பாட்டியின் சேலையை வைத்து அப்படிச் சொல்கிறோம். அவர் உடுத்திக் கிழிந்து கரித்துணியாகிப்போன சேலைகள் கணக்கில் வருவதில்லை. மிஞ்சியதை மட்டும் பார்த்து ஒரு காலத்தையே எடைபோடும் இந்தப் பிழை, பழைய துணிச் சந்தைக்கும் பொருந்தும்: அங்கே நல்ல துணியாகக் கிடைப்பதற்குக் காரணம், கெட்டது வழியிலேயே கழிந்துபோனது. ‘அப்படியானால் பழையதையே வாங்கிக்கொண்டிருக்கலாமே’ என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. யாரோ ஒருவர் நல்ல புதுத்துணி வாங்கினால்தான் நாளைக்கு நல்ல பழைய துணி இருக்கும். இரண்டாம் சலவையில் கோணிப்போகும் சட்டையைத் தம்பிக்கும் கொடுக்க முடியாது, பாத்திரக்காரரும் வாங்கமாட்டார்.

‘கையில் இருப்பது முந்நூறு ரூபாய், இதில் தரம் எங்கே பார்ப்பது’ என்று கேட்பவரின் நியாயத்தை மறுக்க முடியாது. நீடித்து உழைப்பது கடைசியில் மலிவு என்ற கணக்கு, முன்கூட்டியே பணம் உள்ளவருக்குத்தான் உதவும். ஆனால் கட்டைவிரலால் தேய்ப்பதற்கும் உள்ளே திருப்பிப் பார்ப்பதற்கும் காசு ஆகாது. விலையும் உழைப்பும் கைகோத்துப் போவதில்லை என்பதால், முந்நூறு ரூபாய்க் குவியலிலும் தேறுவது ஒன்றிரண்டு உண்டு. பிரிட்டனின் ராப் அமைப்பு கணக்கிட்டபடி, உடையின் பயன்பாட்டுக் காலத்தை ஒன்பது மாதம் நீட்டினாலே அதன் கரி, நீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் குறையும். பண்டிகைக்குத் துணி எடுக்கும்போது நான்கு சட்டை பார்த்து ஒன்றைத் தேர்வதற்குச் செலவாகும் பத்து நிமிடத்துக்கு இது நல்ல வரவு. பழைய துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர் புதுக்கடையிலும் அதே சந்தேகத்தோடு நுழைந்தால் போதும். மீதியை அவர் விரல்களே பார்த்துக்கொள்ளும்.