தோட்டப்புறப் பள்ளியிலிருந்து கணினியை அனுப்புதல்

சிலாங்கூரின் வட பகுதியில் தோட்டங்கள் மறைந்த வரலாறு நாம் அறிந்ததே. பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல திசைகளுக்கும் பிரிந்தன. இவ்வாறு ஒரு தோட்டம் மூடப்பட்டு, அதன் பள்ளி புதிய இடத்திற்கு மாறும்போது, அலுவலக மேசையில் இருக்கும் பழைய கணினியும் உடன் செல்கிறது. மாணவர் பெயர்ப்பட்டியல், விழா மலர், நிழற்படங்கள், தேர்வுத்தாள்கள் என அத்தோட்டத்தின் நினைவு முழுவதும் அதனுள் அடங்கியிருத்தல் கூடும். எனவே அக்கணினியைச் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பது பொருளைக் காப்பது மட்டுமன்று; ஆவணத்தைக் காப்பதும் ஆகும்.

முதற்கண், கணினி ஏன் உடைகிறது என்பதை அறிதல் வேண்டும். பால்மரக் காட்டில் காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமந்து நடந்தவர்கள் திடீரென்று நிற்க மாட்டார்கள். நின்றால் வாளி நிற்கும். உள்ளிருக்கும் பால் நிற்காது, தளும்பிச் சிந்தும். கணினியிலும் இதே இயற்பியல் விதிதான் செயற்படுகிறது. செம்மண் சாலையின் குழியில் வண்டி இறங்கும்போது பெட்டி நின்றுவிடுகிறது. அதனுள் தொங்கும் பாரம் தொடர்ந்து நகர முயல்கிறது. செயலியின் மேல் கோபுரம்போல் நிற்கும் பெரிய வெப்பத்தணிப்பியும், வரைகலை அட்டையும் சில கணினிகளில் ஒரு கிலோகிராமுக்கு மேலும் எடையுள்ளவை. அவற்றைத் தாங்குவதோ தாய்ப்பலகை என்னும் மெல்லிய பலகை. ஆகவே வெளியே எத்தனை சுற்றுக் குமிழித்தாள் சுற்றினாலும், உள்ளே தொங்குவது தொங்கிக்கொண்டே இருந்தால் பயனில்லை. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

கட்டும் பணிக்கு முன்னர்ச் செய்யவேண்டியது படியெடுத்தல். கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டிலோ விரலியிலோ படியெடுத்து, அதைக் கணினியுடன் அனுப்பாமல் ஓர் ஆசிரியர் கையில் எடுத்துச் செல்லவேண்டும். இங்குத் தமிழாசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர்த் தட்டெழுதிய தமிழ் ஆவணங்கள், அந்தந்த எழுத்துருவுக்குரிய தனிக் குறியீட்டு முறையில் அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். ஆதலால் கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுக்க வேண்டும்.

அடுத்து, கணினியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். வன்தட்டு சுழலும்போது அதன் படிப்புமுனை, தலைமுடியின் தடிமனைவிடப் பல்லாயிரம் மடங்கு குறுகிய இடைவெளியில் தட்டின்மேல் மிதக்கிறது. சுழற்சி நின்றபின் அம்முனை தனக்குரிய பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிவிடும். எனவே ஓய்ந்த வன்தட்டு, இயங்கும் வன்தட்டைவிடப் பன்மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும்.

பின்னர்ப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொண்டு, பக்கக் கதவைத் திறக்கலாம். வரைகலை அட்டையின் திருகுகளைக் கழற்றி, செருகுவாயின் முனையிலுள்ள தாழை அழுத்தி, அட்டையை நேராக மேலே எடுத்து நிலைமின் தடுப்புப் பையில் இடவேண்டும். பெரிய வெப்பத்தணிப்பியைக் கழற்றுவதாயின், அணைப்பதற்கு முன் கணினியைச் சில நிமிடம் இயக்கினால் வெப்பப் பசை இளகியிருக்கும். மெதுவாகத் திருகி எடுக்கலாம். வலிந்து இழுத்தால் செயலியும் உடன் பெயர்ந்து வரக்கூடும். மீண்டும் பூட்டும்போது பழைய பசையைத் துடைத்துப் புதிய பசை இடவேண்டும். உயரம் குறைந்த சிறிய வெப்பத்தணிப்பியையும் நினைவக அட்டைகளையும் கழற்றத் தேவையில்லை. கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால், எந்தக் கம்பி எங்கே என்ற ஐயம் எழாது.

உள்ளே எஞ்சிய வெற்றிடத்தை, நிலைமின் தடுப்புப் பையில் சுற்றிய மென்பஞ்சால் நிரப்ப வேண்டும். சாதாரணக் குமிழித்தாள் நேரடியாகத் தாய்ப்பலகையில் படலாகாது. உராய்வில் அது நிலைமின்னை உண்டாக்கும். கண்ணாடிக் கதவு இருந்தால் அதைக் கழற்றித் தனியே சுற்றுவது நன்று.

வெளிப் பெட்டியைப் பொறுத்தவரை, கணினி வாங்கியபோது வந்த பெட்டியே சிறந்தது. அஃது இல்லையெனில் இரட்டை அடுக்கு நெளி அட்டைப்பெட்டியில் ஆறு பக்கமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நுரைத்தடுப்பு அமைய வேண்டும். கசக்கிய நாளிதழ் தொடர்ந்த குலுக்கலில் அமுங்கிவிடும், அதனை நம்பலாகாது. மூடியபின் பெட்டியை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதேனும் நகர்ந்தால் பணி முடியவில்லை என்று பொருள். திரையைத் தனிப்பெட்டியில், முகப்பில் தட்டையான அட்டை வைத்து, நிற்கும் நிலையில் அனுப்ப வேண்டும்.

பள்ளி வேனிலேயே கொண்டுசெல்வதானால், தாய்ப்பலகை கீழ்ப்புறம் அமையும்படி கணினியைப் படுக்க வைக்கலாம். அந்நிலையில் எஞ்சிய பாகங்களின் பாரம் பலகையை வளைக்காது, நேராக அதன்மேல் இறங்கும். கூரியரில் அனுப்பினால் பெட்டி எப்பக்கமாகக் கிடக்கும் என்று சொல்ல இயலாது. ‘எளிதில் உடையும்’ என்று மலாயில் எழுதி ஒட்டலாம். ஆயினும் பெட்டி கீழே விழும் என்று எண்ணியே கட்டுதல் அறிவுடைமை.

சேர்ந்தவுடன் மின் இணைப்புக் கொடுக்கும் ஆவலை அடக்க வேண்டும். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கிய உலோகத்தின்மேல், நம் நாட்டின் ஈரக்காற்று நீராகப் படியும். இரண்டு மூன்று மணி நேரம் பெட்டியைத் திறவாமல் வைத்திருந்து, பிறகு பாகங்களைப் பூட்டி, இணைப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்த்தபின் இயக்க வேண்டும்.

இப்பணியை மாணவர்களும் உடனிருந்து செய்யலாம். நிலைமம், நிலைமின், ஆவி சுருங்குதல் என அறிவியல் பாடத்தில் படிப்பவை ஒரே பிற்பகலில் கைக்கு எட்டும். கணினி உடைந்தால் வேறொன்று வாங்கலாம். மூடப்பட்ட தோட்டத்தின் பெயர்ப்பட்டியலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே திருப்புளியைக் கையில் எடுக்குமுன் படியெடுத்தீர்களா என்பதை ஒருமுறை உறுதிசெய்துகொள்க.