கடல் கடந்து வந்த காசு

மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டிக்குப் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் எழுமலை வரும். பெயரிலே மலை இருக்கிறது. ஊரைச் சுற்றியும் மலைகள் இருக்கின்றன. மழை மாத்திரம் எந்த வருஷம் வரும், எந்த வருஷம் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் சோளம், கம்பு, குதிரைவாலி. அதுவும் பொய்த்தால் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு. இப்படிப்பட்ட பூமியில் வாழ்கிறவர்களுக்குப் பஞ்சத்தைப் பற்றிப் பிறர் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை.

"கடலுக்கு அப்பால் பூமி நடுங்கினால் என்ன, வெள்ளம் வந்தால் என்ன? நம் ஊர்க் கஷ்டமே தலைக்கு மேல் இருக்கிறதே! அவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் எங்கும் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்ல மாட்டோம். இல்லாதவன் கேட்கும் கேள்வியில் நியாயம் இல்லாமற் போகாது. ஆனால் பதில் சொல்லுமுன், நம் ஜில்லாவின் பழைய கணக்கில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். அந்தப் பக்கத்தின் தலைப்பு: தாது வருஷம்.

மழை பொய்த்ததும் மனிதர் பொய்த்ததும்

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு மழையும் காலத்தில் வரவில்லை. தக்காணம், மைசூர், சென்னை ராஜதானி எங்கும் பஞ்சம் பரவியது. தாது வருஷத்தில் தொடங்கிய துயரம் ஈசுவர வருஷத்திலும் நீண்டது. பஞ்சம் பரவிய பிரதேசங்கள் எல்லாம் சேர்த்து மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நூறு வருஷங்களுக்குப் பிறகும் நம் கிராமத்துக் கிழவிகள், சோற்றைச் சிந்துகிற குழந்தையை அதட்டுவதற்குத் தாது வருஷத்தைத்தான் துணைக்கு அழைத்தார்கள்.

மழை பொய்த்தது இயற்கையின் செயல். ஆனால் ஜனங்கள் பட்டினியால் மடிந்ததற்கு இயற்கையை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? மதுரைக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது. தானியம் இருந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டு வர வழி இருந்தது; வாங்கத்தான் கையில் காசு இல்லை. அதே வருஷங்களில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணியைச் சக்ரவர்த்தினி என்று பிரகடனம் செய்ய வைசிராய் லிட்டன் டில்லியில் தர்பார் நடத்தினார். அந்த மாதமே ஸர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பிரதேசங்களுக்குச் செலவைக் குறைக்க வந்து சேர்ந்தார். நாள் முழுதும் வேலை செய்கிற ஆண் பிள்ளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. இதைக் கொண்டு உயிர் தரிக்க முடியாது என்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனரான டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அவரும் வெள்ளைக்காரர்தான் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது.

தந்தி போயிற்று

1877 ஆகஸ்டு 4-ஆம் தேதி சென்னையில் ஒரு பொதுக் கூட்டம் கூடியது. பக்கிங்ஹாம் பிரபு அப்பொழுது கவர்னர். சர்க்கார் உதவி எட்டாதவர்களுக்குப் பொதுமக்களிடம் உதவி கேட்பது என்று அங்கே தீர்மானமாயிற்று. லண்டன் லார்டு மேயருக்கும் வேறு நகரத் தலைவர்களுக்கும் தந்தி பறந்தது. வைசிராய்க்கு இந்த ஏற்பாடு உவப்பாக இல்லை. ஆனால் தந்தி போய்ச் சேர்ந்துவிட்டது!

பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். லண்டன் லார்டு மேயர் மாளிகையில் நிதி திறக்கப்பட்டது. மாதா கோயில்களில் காணிக்கைத் தட்டுகள் சுற்றி வந்தன. பிரபுக்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். பெயர் தெரியாதவர்கள் ஷில்லிங்கும் பென்னியும் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் பணம் வந்தது. கடைசியில் சேர்ந்த தொகை ஏறக்குறைய 8 லட்சம் பவுன்.

அந்தப் பணத்தைச் செலவிட்ட முறையும் கவனிக்கத்தக்கது. நிதிக் குழுவின் கௌரவக் காரியதரிசியாக இருந்தவர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகை ஆசிரியர். கூலி வேலைக்கு வெளியே வர முடியாத கோஷா ஸ்திரீகள், அநாதைக் குழந்தைகள், உடுக்கத் துணியற்றவர்கள் ஆகியோருக்கு உதவி போயிற்று. மழை பெய்யத் தொடங்கியதும், விதையை வேகவைத்துத் தின்றுவிட்ட குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் பணம் கிடைத்தது. சரிந்த கூரையை மறுபடி வேய்ந்துகொள்ளவும் உதவினார்கள். கஞ்சி ஒரு வேளைப் பசியைத்தான் போக்கும். விதையோ அடுத்த வருஷத்துப் பசியையும் போக்கும்.

லட்சோப லட்சம் பேர் மடிந்துகொண்டிருந்தபோது இது யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று சொல்லலாம். உண்மைதான். காலம் கடந்து வந்த உதவி என்றும் சொல்லலாம். அதுவும் உண்மை. என்றாலும், அந்த விதையை வாங்கி விதைத்த ஒரு குடியானவன் வீட்டில் அதைச் சோளப்பொரி என்று சொல்லியிருப்பார்களா?

லங்காஷயரின் பென்னி

லண்டன் நிதியைத் தவிர, லங்காஷயரிலும் ஜனங்கள் ஏராளமாகச் சந்தா கொடுத்தார்கள். லங்காஷயர் என்றால் என்ன? நம் நெசவாளரின் தறிகளை ஓயச் செய்த மில் துணி பிறந்த இடம்! அந்த ஊர் மில் முதலாளிகளின் லாபத்துக்காக நம் நாட்டுத் தொழில் எப்படி நசுக்கப்பட்டது என்பது எல்லாரும் அறிந்த சரித்திரம். அதே ஊர் ஜனங்கள் நமக்கு ஏன் கொடுத்தார்கள்?

காரணம் இருக்கிறது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு பஞ்சு வரத்து நின்றபோது, லங்காஷயர் மில்கள் மூடிக் கிடந்தன. தொழிலாளிகள் பிறர் தர்மத்தை எதிர்பார்த்து வரிசையில் நின்றார்கள். அது நடந்து இருபது வருஷங்கூட ஆகவில்லை. பசியை அறிந்தவனுக்குத்தான் பசித்தவனின் முகம் தெரியும். அதற்குக் கடல் குறுக்கே நிற்பதில்லை.

இந்தச் சமாசாரத்துக்கு ஒரு பின்கதையும் உண்டு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, நம் மதுரை மேலமாசி வீதியில்தான் மகாத்மா காந்தி மேலாடையைத் துறந்து அரைத் துணியை ஏற்றார். பத்து வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், அதே கோலத்தில் அவர் லங்காஷயருக்குப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அங்கே பலர் வேலையிழந்திருந்த சமயம். கல்லெறி விழுமோ என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஆனால் டார்வென் ஊரில் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்த படத்தை இன்றும் பார்க்கலாம். ஒரு தேசத்தின் ஆட்சி வேறு, அதன் ஜனங்கள் வேறு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கணக்கும் கருணையே

கொடுப்பதில் மட்டும் புண்ணியம் இல்லை. கொடுத்த காசு உரியவருக்குப் போய்ச் சேருவதிலும் இருக்கிறது. இதற்கு நாம் அதிக தூரம் போக வேண்டாம். எழுமலையிலிருந்து பேரையூர் வழியாகப் போனால் தே. கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சீமையில் கணக்கியல் படித்துத் தேறியவர்; கதர் உடுத்து எளிய வாழ்வை ஏற்றவர்.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரை ஒரு பெரிய பூகம்பம் உலுக்கியது. முங்கேரும் முஸாபர்பூரும் இடிந்து விழுந்தன. வயல்களில் பூமி பிளந்து மணல் பொங்கியது. காந்திஜி அச்சமயம் தென்னாட்டில் ஹரிஜன யாத்திரையில் இருந்தார். தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று அவர் திருநெல்வேலியில் பேசினார். இயற்கையின் செயலுக்கு அப்படிக் காரணம் கற்பிப்பது தகாது என்று கவி தாகூர் மறுத்தார். இரு பெரியோரின் வாதம் முடியும் வரையில் பொதுஜனங்கள் காத்திருக்கவில்லை. பீகாரை ஒருநாளும் பார்த்திராத ஊர்களிலிருந்தெல்லாம் நிதி சேர்ந்தது.

ராஜேந்திர பிரசாத் தலைமை தாங்கிய நிவாரணக் கமிட்டியில் அந்த நிதியின் கணக்கைக் காத்தவர் குமரப்பா. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்குக் கண்டிப்பான வரம்பு வைத்தார். காந்திஜியே பரிவாரத்துடன் வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுக்கும் மோட்டார் பெட்ரோலுக்கும் நிவாரண நிதியிலிருந்து பணம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காந்திஜி கோபிக்கவில்லை, அதுவே சரி என்று ஒப்புக்கொண்டார். ஏழை போட்ட அணாவை மகாத்மாவுக்கும் செலவிடக் கூடாது என்ற உறுதி வேறு யாருக்கு வரும்? 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்திஜி மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

திருப்பித் தரும் வழி

தாது வருஷத்துப் பஞ்சத்தில் மதுரை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தொண்டி முதலிய துறைகளில் தோணியேறின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வழியில் மாண்டவர் பலர். மிஞ்சியவர்களின் சந்ததியார் பின்னர் தேயிலை பறித்து அந்த நாட்டை வளர்த்தார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மலைநாட்டில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. தோட்டத் தொழிலாளிகளின் லயங்களும் அதற்குத் தப்பவில்லை. டிசம்பரில் தமிழ்நாட்டிலிருந்து நிவாரணப் பொருள்கள் கப்பலேறின.

"அவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு இப்பொழுது பதில் சொல்லலாம். 1877-ல் பென்னி கொடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் திருப்பித் தரவும் இனி வழியில்லை. அந்தக் கடனைத் தீர்க்க ஒரே மார்க்கம், இன்று எவன் வீடு புதைந்ததோ அவனுக்குக் கொடுப்பதுதான். கொடுக்கிற கை சிறியதா பெரியதா என்று பார்க்க வேண்டாம். கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்போம். குமரப்பாவின் ஊர்க்காரர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு.