சாத்தம் தீவின் பிள்ளைகளுக்கு எந்தச் சாதி?

புதுதில்லி: மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் சாதிவாரிக் கணக்கையும் எடுப்பதென மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி முடிவெடுத்தது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அறிவிக்கை அதே ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று. 1931-க்குப் பிறகு முதன்முறையாக நாட்டின் அனைத்துச் சாதிகளும் கணக்கில் வரப்போகின்றன என்று தில்லியில் கட்சிகள் அனைத்தும் உரிமை கொண்டாடின. பிகாரில் என்ன ஆகும், தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டின் அளவு என்னவாகும் என்றெல்லாம் விவாதங்கள் நடந்தன. அந்தமானைப் பற்றி எவரும் பேசவில்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினரைக் கொண்டதும், சட்டப்பேரவையே இல்லாததுமான தீவுகளைப் பற்றித் தில்லி பேசாதிருப்பதில் வியப்பில்லைதான். எனினும் சாதிப் பத்தி என்ற அந்த ஒற்றைக் கட்டத்தின் முன் உண்மையாகவே திகைத்து நிற்கக்கூடிய குடும்பங்கள் இந்தியாவில் எங்கேனும் உண்டென்றால், அவை அங்கேதான் உள்ளன.

போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரின் ஹாடோ பகுதியைப் பாலம் ஒன்றால் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு தீவு சாத்தம். சுற்றுலா செல்லும் தமிழர்கள் அங்குள்ள மர அறுவை ஆலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 1883-இல் தொடங்கப்பட்ட பழைமையான ஆலை அது. 1942-இல் விழுந்த குண்டு உண்டாக்கிய பள்ளமும் அங்கே காட்டப்படுகிறது. ஆனால் ஆலைக்கு முன்பே சாத்தத்துக்கு வரலாறு உண்டு. முதல் சுதந்திரப் போர் தொடங்கி ஓராண்டுகூட நிறைவுறாத நிலையில், 1858 மார்ச் 10-ஆம் தேதி, இருநூறு கைதிகளுடன் டாக்டர் ஜே.பி. வாக்கர் வந்து இறங்கிய இடம் இதுவே. இங்கே குடிநீர் போதவில்லை. ஆகவே துறைமுக வாயிலில் இருந்த ராஸ் தீவுக்குத் தலைமையிடம் மாற்றப்பட்டது.

இந்த இடமாற்றம்தான் அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு ஒரு விசித்திரமான அண்டை அயலை உருவாக்கியது. ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத ராஸ் தீவில், தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், ரொட்டி அடுப்புகள், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், நடன அரங்கு எல்லாம் எழுந்தன. ‘கிழக்கின் பாரிஸ்’ என்று ஆங்கிலேயர் அதற்குச் செல்லப் பெயரிட்டனர். அதைக் கட்டியவர்களும், அங்கே சமைத்தவர்களும், துணி வெளுத்தவர்களும், படகு வலித்தவர்களும் கைதிகள். படகில் சில நிமிடங்கள் சென்றால் எதிர்க்கரையில் அபர்தீன். அதைச் சுற்றிலும் கைதிக் குடியிருப்புகளும் கிராமங்களும். அக்கிராமங்களில் பிறந்து, ராஸின் விளக்குகளை இக்கரையில் இருந்து பார்த்தபடி வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தமான் என்றதும் செல்லுலார் சிறையும் சாவர்க்கரும் நினைவுக்கு வருகின்றனர். நம் தலைமுறைக்கு 1996-இல் வெளிவந்த ‘சிறைச்சாலை’ திரைப்படம் நினைவுக்கு வருகிறது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறைக்கு முன்னரே அங்கே இரண்டு தலைமுறைக் குடும்பங்கள் உருவாகிவிட்டன.

அக்குடும்பங்கள் உருவான விதத்தைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நாடு கடத்தப்பட்டோரில் பெரும்பாலோர் அரசியல் கைதிகள் அல்லர். கொலை வழக்குகளில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த விதிகளின்படி, ஓர் ஆண் கைதி ஏறத்தாழ பத்தாண்டுகள் சிறையிலும் கடும் உழைப்பிலும் கழித்தால், தன் உழைப்பில் தானே பிழைத்துக்கொள்ளும் அனுமதிச் சீட்டு அவருக்குக் கிடைக்கும். அரசு நிலத்தில் பயிரிடலாம், மாடு வளர்க்கலாம், ஆனால் தீவை விட்டு நீங்க முடியாது. முழு விடுதலைக்கு இருபது முதல் இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். பெண் கைதிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. சவுத் பாயிண்டில் இருந்த பெண்கள் சிறையில் ஐந்தாண்டுகள் கழித்தவர்கள் மணம் செய்துகொள்ள விண்ணப்பிக்கலாம். அனுமதிச் சீட்டு பெற்ற ஆணும் அவளும் சம்மதித்தால், அதிகாரியின் ஒப்புதலுடன் திருமணம். பெற்றோரும் இல்லை, ஜாதகமும் இல்லை, பெண் கேட்டு வந்த உறவினரும் இல்லை.

வங்காளத்தில் இருந்து வந்தவளுக்குப் பஞ்சாபில் இருந்து வந்தவன் கணவனானான். ஐக்கிய மாகாணத்துக்காரன் சென்னை மாகாணத்துப் பெண்ணை மணந்ததும் நடக்கக்கூடியதே. சாதியையும் சமயத்தையும் பார்த்து மணம் முடிக்கும்படி அதிகாரிகள் வற்புறுத்திய காலமும் உண்டு. ஆயினும் கப்பலில் ஏறும்போதே சாதி கடலில் கரைந்தது என்று நம்பியவர்களிடம், எந்த ஊரின் எந்த உட்பிரிவு என்று சரிபார்க்க எவரால் இயலும்? தாயின் மொழி ஒன்று, தந்தையின் மொழி வேறொன்று. வீட்டில் இருவருக்கும் பொதுவாக இந்துஸ்தானி. பிள்ளைக்கு அதுவே தாய்மொழியாயிற்று.

இக்குடும்பத்தின் மிகப் பெரிய விந்தை சட்டத்தில் இருந்தது. தந்தை கைதி, தாய் கைதி. அவர்களுக்குப் பிறந்த பிள்ளை மட்டும் சுதந்திரப் பிரஜை. பத்து வயதுச் சிறுவனுக்கு இருந்த சட்ட உரிமை, அவனுக்குச் சோறு போட்ட பெற்றோருக்கு இல்லை. ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவன் செய்யக்கூடியது என்ன? பெற்றோர் உழுதது அரசின் நிலம். வேலை தரக்கூடியதும் அரசு மட்டுமே. ராஸ் தீவில் அவனுக்கு இடம் ஏவலாளாக மட்டும். ‘லோக்கல் பார்ன்’, அதாவது உள்ளூரில் பிறந்தவர், என்ற பெயர் இவர்களுக்கு நிலைத்தது. கொலையாளியின் பிள்ளை கொலையாளியாகத்தான் வருமா என்ற கேள்வி அந்நாளைய ஆட்சியாளர்களைக் குடைந்தது. 1901 கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதிய தலைமை ஆணையர் சர் ரிச்சர்ட் டெம்பிள், இப்பிள்ளைகள் அறிவுக்கூர்மையும் நல்ல உடல்நலமும் கொண்டவர்கள் என்றே பதிவு செய்திருக்கிறார். சற்று வியப்புடன்தான் அவர் அதை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1920-களில் புதிய குழுக்கள் வந்து சேர்ந்தன. மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் மாப்பிள்ளைமார் நாடு கடத்தப்பட்டனர். வண்டூர், மஞ்சேரி, திரூர் என்று தம் ஊர்ப்பெயர்களையே தீவுக் கிராமங்களுக்குச் சூட்டினர். பர்மாவில் இருந்து கரேன் மக்களும், ஐக்கிய மாகாணத்தில் இருந்து ‘குற்றப் பரம்பரை’ என முத்திரை குத்தப்பட்ட பாந்து மக்களும் குடியேற்றப்பட்டனர்.

1941 ஜூன் 26-ஆம் தேதி நிலநடுக்கம் ராஸ் தீவை உலுக்கியது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் வந்திறங்கினர். அதற்குள் வெள்ளை அதிகாரிகளில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டனர். பங்களாக்களின் பணக்கார அண்டை ஒரே மாதத்தில் காலியாயிற்று; எதிர்க்கரையின் ஏழைகளுக்குச் செல்ல வேறு ஊர் இல்லை. மூன்றரை ஆண்டுகளின் பஞ்சத்தையும் சித்திரவதையையும் அவர்களே தாங்கினர். உளவாளிகள் என்ற சந்தேகத்தில் 1944 ஜனவரி 30-இல் ஹோம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945-இல் ஹேவ்லாக் தீவில் விவசாயம் செய்யலாம் என்று படகேற்றப்பட்ட நூற்றுக்கணக்கானோர் கடலில் தள்ளிவிடப்பட்டனர். ஆங்கிலேயர் திரும்பியதும் கைதிக் குடியேற்றம் ஒழிக்கப்பட்டது. ஊர் திரும்ப விரும்பிய கைதிகள் திரும்பினர். தீவில் பிறந்தவர்கள் தங்கினர். ராஸ் மீண்டும் குடியேறப்படவேயில்லை. ஆலமர வேர்கள் பிளந்த அதன் சுவர்களைக் காண இன்று சுற்றுலாப் படகுகள் செல்கின்றன. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

ஒரு காலத்தில் மறைக்கப்பட்ட மூதாதையரின் தண்டனை, சுதந்திர இந்தியாவில் சான்றிதழாக மாறியது. ‘1942-க்கு முந்தைய உள்ளூர்ப் பிறப்பினர்’ என்பது அந்தமான் நிர்வாகத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள ஒரு பிரிவு. மாப்பிள்ளைமார், கரேன், பாந்து ஆகியோரும் அதில் உண்டு. ஒரே குடும்பத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் இருக்க, அவர்கள் அனைவரையும் இணைப்பது சாதியன்று, ஓர் ஆண்டு. நாட்டின் எந்த மாநிலப் பட்டியலிலும் இதற்கு இணையான பிரிவைக் காண்பது அரிது.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காட்டினர். இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும், சிறிமாவோ - சாஸ்திரி உடன்பாட்டுக்குப் பின் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் இதில் அடங்குவர். மூன்று தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தாலும் 1942 என்ற கோட்டுக்கு இப்பால் வந்தவர்கள் ‘உள்ளூர்ப் பிறப்பினர்’ ஆக முடியாது. இதைவிடக் கடுமையான செய்தியும் உண்டு. அந்தமான் நிகோபாருக்குத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலே கிடையாது. ஆகவே 2011 கணக்கெடுப்பில் அங்கே தாழ்த்தப்பட்டோர் எண்ணிக்கை பூஜ்யம். தமிழகத்துச் சேரியில் இருந்து சென்று அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர், கணக்கில் எவராகவும் இல்லை. கடல் அவரது சாதியையும் கரைத்தது என்று மகிழ்வதா, இடஒதுக்கீட்டையும் சேர்த்துக் கரைத்துவிட்டதே என்று வருந்துவதா?

2019-இல் திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் பல ஆண்டுகள் போராடி, சாதியும் மதமும் அற்றவர் என்று அரசிடம் சான்று பெற்றபோது தமிழகமே அதைச் செய்தியாக்கியது. சாத்தத்தின் எதிர்க்கரையில் அத்தகைய வாழ்வை ஒன்றரை நூற்றாண்டாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் எந்தச் சான்றும் கேட்டு வழக்கு நடத்தவில்லை. கணக்கெடுப்பாளரின் படிவத்தில் அவர்கள் சொல்லும் பதில், ‘லோக்கல் பார்ன்’ என்று அப்படியே பதிவாகுமா, அல்லது வேறு சாதிகளுடன் கலந்து ‘பிறர்’ என்ற தொகுப்பில் மறையுமா என்பதைத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் குறியீட்டுப் பட்டியலே முடிவு செய்யும். தீவுகளின் ஒரே உறுப்பினர் மக்களவையில் எழுப்பவேண்டிய கேள்வி இது. தமிழகத்தின் முப்பத்தொன்பது உறுப்பினர்களும் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த கேள்வியை அதனுடன் சேர்த்து எழுப்பலாம்.