முகாம் பயணத்துக்கான ஐஸ் பெட்டி

ஐஸ் பெட்டி என்பது மின்சாரமின்றி, பனிக்கட்டியைக் கொண்டு உணவையும் பானங்களையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும் பெட்டி ஆகும். கடினச் சுவர் கொண்ட வகையில் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளுக்கு இடையே நுரை நிரப்பப்பட்டிருக்கும். அமெரிக்காவில் கூடாரமடித்துத் தங்கும் பயணங்களில் இது தவறாமல் இடம்பெறுகிறது. கோல்மேன், இக்லூ ஆகியவை அங்கு நெடுங்காலமாக மலிவான பெட்டிகளை விற்று வருகின்றன. 2006இல் டெக்சாஸில் தொடங்கப்பட்ட யெட்டி நிறுவனம் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளைப் பரவலாக்கியது.

விலையுயர்ந்த பெட்டிகள் பெரும்பாலும் சுழல்வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. பிளாஸ்டிக் தூள் இட்ட அச்சைச் சூடாக்கியபடி சுழற்றும்போது, தடித்த ஓடு ஒரே துண்டாக உருவாகிறது. இதனால் பெட்டி எளிதில் உடையாது. ஆனால் கனமாக இருக்கும். குளிரைக் காப்பது ஓடு அன்று, அதனுள் உள்ள நுரையே. நுரையின் தடிமன் இரு மடங்கானால் சுவர் வழியே புகும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். பாலியூரித்தேன் நுரை, அதே தடிமனுள்ள தெர்மாகோலைவிட வெப்பத்தை நன்கு தடுக்கும். ஓரிரு நாள் பயணத்துக்கு, கரடி கடித்தாலும் உடையாத ஓட்டுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

மலிவுப் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது மூடி. பல பெட்டிகளில் சுவரில் நுரை இருக்கும், மூடியோ உள்ளே வெறுமையாக இருக்கும். வெயில் நேராக விழுவது மூடியின் மீதுதான். தட்டிப் பார்த்தால் வெற்று ஒலி கேட்கும். ஐயமிருந்தால் மூடியிலும் நுரை உள்ளதா என்று விவரக்குறிப்பில் பார்க்கலாம். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பதும் பயன் தரும். தாள் தடையின்றி வந்துவிட்டால் அந்த இடைவெளியில் காற்றும் புகும். மூடியில் சிறு துளையிட்டு நுரைத்தெளிப்பான் கொண்டு நிரப்பிக்கொள்வோரும் உண்டு. தேவைக்கு மிகப் பெரிய பெட்டியும் இழப்பே; பரப்பு கூடுவதால் உள்ளே புகும் வெப்பமும் கூடும்.

பெட்டியின் விலையைவிடப் பொருட்களை அடுக்கும் முறை கூடுதல் வேறுபாட்டை உண்டாக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 பாகை செல்சியசில் உள்ள 10 லிட்டர் தண்ணீரை 5 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,045 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதற்கே 3 கிலோ பனிக்கட்டி உருகிவிடும். அதே புட்டிகளை முந்தைய இரவே வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அந்த 3 கிலோ மிச்சம். பெட்டியையும் முன்கூட்டியே குளிர்விப்பது நல்லது. சிறு துண்டுகளைவிடப் பெரிய பாளம் மெதுவாக உருகும். தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் புட்டிகள் செலவில்லாத பாளங்கள். உருகிய நீரும் குளிர்ந்தே இருப்பதால் அதை உடனே வடித்துவிட வேண்டியதில்லை. ஆனால் பச்சை இறைச்சி அந்த நீரில் ஊறக்கூடாது. கசியாத உறையிலிட்டுத் தனியே வைக்க வேண்டும்.

பானம் சற்றுச் சூடானால் சுவைதான் குறையும். இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவற்றில் நோய்க்கிருமிகள் பெருகும். இவை ஏறக்குறைய 4 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும், அதற்கு மேல் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் உண்ணக்கூடாது என்றும் அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. வெளியே 32 பாகைக்கு மேல் வெயில் அடித்தால் அந்த அவகாசம் 1 மணி நேரமே. கெட்ட உணவு மணத்திலோ நிறத்திலோ எப்போதும் தெரிவதில்லை. ஆகவே பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானி இருக்க வேண்டும். அடிக்கடி திறக்கும் பானங்களுக்கு மலிவான இன்னொரு பெட்டி வைத்துக்கொண்டால் உணவுப் பெட்டி மூடியே இருக்கும்.