பாடிப் போனவர் பிடிபட்டால் பழி யாருக்கு?

ரிச்சர்ட்ஸ் டவுனில் நம்மவர் வீட்டு டிவியில் கபடி ஓடும்போது, பாடிப் போனவர் பிடிபட்டால் "இவன்தான் கெடுத்தான்" என்ற பேச்சு எழும். அத்தனை பழியையும் அவர் கணக்கில் எழுதிவிடலாகாது.

ஒருமுறை பாடிப் போய்வர 30 விநாடிதான். அடுத்தடுத்து இருவர் புள்ளியில்லாமல் திரும்பினால், புரோ கபடி விதிப்படி மூன்றாவதாகப் போகிறவர் புள்ளி எடுத்தே தீரவேண்டும். வெறுங்கையோடு வந்தாலும் அவுட். அவர் நெருங்கி வந்துதான் ஆகணும் என்பது எதிரணிக்கும் தெரியும். ஒருவர் கணுக்காலைப் பற்ற, கைகோத்து நிற்பவர்கள் வளைத்துவிடுவார்கள். ஆக, முன்னவர் இருவர் வைத்த கடனை மூன்றாமவர் கட்டுகிறார்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். பந்தெறியும் குவாட்டர்பேக்கை எதிரணியார் சாய்த்துவிட்டால் அவரையே ஏசுவார்கள். அவரைக் காக்கவேண்டிய ஐவர் வழிவிட்டிருக்கலாம். பந்து வாங்க ஓடியவர்கள் எதிரியின் பிடியிலிருந்து விலகாமல் போயிருக்கலாம்.

அதற்காக ஆடியவர்மேல் குற்றமே இல்லை என்பதல்ல. நேரமிருந்தும் தயங்கினாலோ, கிடைத்த புள்ளியோடு திரும்பாமல் பேராசைப்பட்டாலோ குற்றம் அவருடையதே.

2019 ஜனவரியில் பெங்களூரு புல்ஸ் 38-33 என்று கோப்பை வென்றபோது, பவன் செராவத் மட்டும் 22 புள்ளி எடுத்தார். மீதி 16 இல்லாமல் கோப்பை ஏது? புகழில் பங்கு கேட்பவர்கள் பழியிலும் பங்கு ஏற்கவேண்டும். அதுதான் நேர்மையான கணக்கு.