மூளை நோயும் இரத்தச் சோதனையும்

முதுமையில் வரும் அறிவு மயக்கத்தை ‘அறளை பெயர்தல்’ என்னும் ஒரே சொல்லால் நம்மவர் குறிப்பர். சொல் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. தைரொயிட் சுரப்புக் குறைவினாலும் பி12 உயிர்ச்சத்துக் குறைவினாலும் நினைவு மங்குவதுண்டு; காலத்தோடு கண்டால் இவை மருந்தினால் திருந்தக்கூடியன. மூளையின் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதனால் வருவன வேறு. அவற்றுள்ளும் அல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய் எனப் பல பிரிவுகள் உள. இவற்றைப் பகுத்தறிய இரத்தம் எவ்வாறு உதவுகின்றது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

1906ஆம் ஆண்டில் ஜெர்மனிய வைத்தியர் அலொயிஸ் அல்சைமர், இறந்த நோயாளி ஒருத்தியின் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தே தாம் கண்ட மாற்றங்களை வெளியிட்டார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவது அமிலொயிட் என்னும் புரதம். உள்ளே முறுக்குண்டு கிடப்பது டௌ என்னும் புரதம் எனப் பிற்காலத்தார் தெளிந்தனர். முள்ளந்தண்டு நீரை ஊசியால் எடுத்தும், பெரும் பொருட்செலவில் மூளையைப் படம்பிடித்தும் உயிருள்ளோரிடத்தும் இவற்றை அறியலாயிற்று.

இன்று அச்செய்தியைக் கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தமே தருகின்றது. கிராமொன்றின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு என்னும் நுண்ணளவையும் கருவிகள் அளந்துவிடுகின்றன. டௌ புரதத்தின் 217ஆம் இடத்தில் பொசுபேற்று சேர்ந்த வடிவம் அல்சைமர் நோயில் மிகும். பார்க்கின்சன் நோயில் பொதுவாக மிகுவதில்லை. நரம்பிழைப் புரதமோ, எக்காரணத்தால் நரம்பு சிதைந்தாலும் மிகும். பின்னது களவு நடந்ததென்று கூறும். முன்னது கள்வனையும் சுட்டும்.

2025 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா இத்தகைய இரத்தச் சோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது. அதுவும் 55 வயதும் அதற்கு மேலும் உள்ள, நோய்க்குறி தோன்றியவர்களுக்கு மட்டுமே.

கண்டிப் பகுதியினராகிய நாம் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. சிறுநீரகம் தளர்ந்தோரின் இரத்தத்தில், மூளை நோய் இல்லாதவிடத்தும் இப்புரதங்கள் மிகுந்து காணப்படலாம். பதினெட்டு வளைவுப் பாதையால் இறங்கி மகியங்கனையைக் கடந்தால் வரும் கிராந்துருகோட்டைப் பகுதி, காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய்க்குப் பெயர்பெற்றது. நீரிழிவினால் சிறுநீரகம் கெட்டோரோ எவ்வூரிலும் உளர். மேலும், இச்சோதனைகளின் எல்லை அளவுகள் பெரும்பாலும் மேனாட்டு மக்களிடத்துக் கண்டவை. அவற்றை அப்படியே நம் முதியோருக்குப் பொருத்தினால், இல்லாத நோயை உண்டென்று சொல்லி ஒரு குடும்பத்தையே கலங்கச் செய்தவராவோம்.

ஆதலின் நம் மக்களுக்குரிய அளவுகளை நாமே வகுத்தல் வேண்டும். 1962இல் தோன்றிய பேராதனை மருத்துவ பீடம் அருகிலிருக்க, அதிற் பயிலும் நம் இளைஞர் மேற்கொள்ளத்தக்க பணி இதுவாகும். நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. வீட்டு முதியவர் தடுமாறத் தொடங்கினால், ‘வயதுக் கோளாறு’ என்று வாளாவிராது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோமாக. தீரும் நோயா, தீரா நோயா என்று முதலில் அறிதலே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.