வடிகானில் ஊற்றும் பணம்

வர்த்தகச் சகோதரர்களே, பார்மசியோடு சேர்த்து ஒரு சிறிய லேபும் நடத்துவோருக்காக இந்த வாரம் எழுதுகிறேன். நான் டாக்டருமல்ல, லேப் படித்தவனுமல்ல. கடைக்காரன். ஆனால் லேப் அலுமாரியும் கடை றாக்கையும் ஒன்றுதான். தேவைக்கு மேல் வாங்கினால் நட்டம்.

பசறை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத் தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை அதிகம். அதனால் பதுளையில் ஹீமோகுளோபின் சோதனைக்கு ஆள் குறைவதில்லை. இதற்கு நெடுங்காலமாகப் பாவிக்கப்பட்டு வரும் டிராப்கின் திரவத்தில் பொட்டாசியம் சயனைட் இருக்கிறது. லீட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம். ஒரு சோதனைக்கு 5 மில்லிலீட்டர் என்றால் ஒரு லீட்டரில் 200 பேரைப் பார்க்கலாம். அளவு சிறிதுதான். ஆனால் சேர்த்து வைத்த கழிவில் அமிலம் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அந்தச் சிறிய அறையில் அதைச் சுவாசிப்பது முதலாளி அல்ல, சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளை. வடிகானில் ஊற்றினாலும் தீராது. பதுளு ஓயா மகாவலியில் போய்ச் சேருகிறது, அதன் கரையிலும் மக்கள் இருக்கிறார்கள்.

மாற்று வழி உண்டு. சோடியம் லோரில் சல்பேட் கொண்டு ஹீமோகுளோபின் பார்க்கும் முறையை ஜப்பானியர் 1982இல் வெளியிட்டார்கள். நாம் விற்கும் பற்பசையில் நுரை தருவதும் இந்தப் பொருள்தான். இன்று சயனைட் இல்லாத மெஷின்கள் பல உண்டு. மெஷினுக்கு விலை பேசும்போதே, "இதன் ரீஏஜன்டில் சயனைட் உண்டா?" என்று கேளுங்கள்.

இப்படி மாறுவது புதிதுமல்ல. இரத்தத்தில் சீனி பார்க்க முன்பு ஓ-டொலுயிடின் என்ற மருந்தைக் கலந்து கொதிநீரில் வைப்பார்கள். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அதன் இடத்துக்கு என்சைம் முறை வந்தது. அதனால் எந்த லேபும் மூடப்படவில்லை.

அடுத்தது கொள்முதல். பெரிய போத்தல் மலிவு என்று வாங்கி, பாதியில் திகதி முடிந்தால் இரண்டு முறை பணம் கொடுக்கிறோம்: வாங்க ஒரு முறை, அகற்ற ஒரு முறை. பக்கத்து லேப்காரரோடு சேர்ந்து ஒரு பெட்டி எடுத்து, திறக்காத கிட்களைப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் வந்தது முதலில் போகட்டும். கிட்டின் தாளும் மெஷினும் இடம் கொடுத்தால், 1 மில்லிலீட்டருக்குப் பதில் அரை மில்லிலீட்டரில் சோதனை செய்யலாம். இரத்த அளவையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். இதை உங்கள் எம்.எல்.டி. கொன்ட்ரோல் போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். தவறான ரிப்போட்டில் வரும் இலாபம் இலாபமல்ல.

சட்டமும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், அபாயகரமான கழிவுகளுக்கு 2008இல் ஒழுங்குவிதிகள் வந்தன. உங்கள் லேபுக்கு என்ன அனுமதிப்பத்திரம் தேவை என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு போத்தலின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எதை வாங்க வேண்டியதில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும்.